சூப்பர்வைசரின் மாத்திரை டப்பா

அந்தத் தையல் கூடத்தில் காலை மணி அடித்ததும், மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன்பே திறப்பது சூப்பர்வைசரின் மாத்திரை டப்பாதான். ஒரு காலத்தில் பிஸ்கட் இருந்த தகர டப்பா. தலைவலி என்று யார் போனாலும், "எடுத்துப் போட்டுக்கம்மா, நம்ம வீடு மாதிரி நெனச்சுக்க" என்று நீட்டுவார். அரை நாள் லீவு கேட்டால் முகம் சுண்டைக்காயாகும். மாத்திரை கேட்டாலோ கர்ணன் தோற்றான்.

டப்பாவின் நிரந்தர விருந்தாளி காலர் அக்கா. சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, அதனால் அந்தப் பெயர். முதலில் அவள் கண்ணுக்குள் கோணல்மாணலாக ஒரு வெளிச்சம் ஓடும். பிறகு நெற்றியின் ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறிக்கும். குமட்டும். மெஷின் எண்ணெய் வாடைகூட ஆகாது. தலைக்கு மேலே மினுக்கிக்கொண்டே இருக்கும் ட்யூப் லைட்டோ எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றும்.

இதைப் பற்றிப் புரளி பேச வெளியாள் தேவைப்படவில்லை. பக்கத்து மெஷினில் அவளுடைய நாத்தனாரே இருந்தாள்.

"எங்க அண்ணிக்குத் தலைவலி வர்றதுக்கு நேரங்காலம் உண்டு. வீட்ல பாத்திரம் குவிஞ்சா கரெக்டா வந்துடும்!"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நாத்தனாருக்கு வந்தும் தெரியவில்லை. அவளும் தினம் ஒன்றை அந்த டப்பாவிலிருந்து விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். அவளுடையது வேலைக் களைப்பாம், அண்ணியுடையது நடிப்பாம்!

எப்போதோ வந்துகொண்டிருந்த வலி தினமும் வரத் தொடங்கியதும் காலர் அக்கா டாக்டரம்மாவிடம் போனாள்.

"இது ஒற்றைத் தலைவலி. நரம்பு, மூளை சம்பந்தப்பட்ட நோய். நடிப்பும் இல்ல, சோம்பலும் இல்ல. வலி மாத்திரை எப்பெல்லாம் போடுறீங்க?"

"தெனமும். சும்மாதானே குடுக்குறாங்க."

"அதுதான் வினை. வலி மாத்திரையத் தெனமும் முழுங்குனா அதுவே வலியக் கூட்டிட்டு வரும். நிறுத்துனா கொஞ்ச நாள் வலி கூடத்தான் செய்யும், பயந்துடாதீங்க."

வேளைக்குச் சாப்பாடு, சரியான தூக்கம், வலி தொடங்கிய உடனே அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை, அதுவும் அளவோடு, பிறகு இருட்டில் சற்றுநேரம் ஓய்வு. இவ்வளவுதான் டாக்டரம்மா சொன்னது.

டப்பாவை விட்டதும் வலி கூடத்தான் செய்தது. "பெரிய டாக்டர்! இருந்ததும் போச்சு" என்றாள் நாத்தனார். காலர் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். வாரங்கள் போகப் போக வலி பழையபடி எப்போதாவது வரும் விருந்தாளியானது.

அப்படி வந்த நாளில்தான் சரக்கு ஏற்ற லாரி வாசலில் நின்றது. கண்ணுக்குள் வெளிச்சம் ஓடியது, பின்னாலேயே வலி. தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"சார், அரை மணி நேரம் துணி ரூம்ல படுத்துட்டு வர்றேன்."

"லாரி வாசல்ல நிக்குது, உனக்குப் படுக்கை கேக்குதா? இந்தா, ரெண்டாப் போட்டுக்க."

"அது வேணாம் சார்."

"அப்ப நாளைக்கு உன் மெஷின்ல வேற ஆள் உக்காரும்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த மெஷின் ஓடினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். ஆனாலும் காலர் அக்கா பின்வாங்கவில்லை.

"உக்காரட்டும். அவளுக்கும் தலைன்னு ஒண்ணு இருக்கும்ல? அவகிட்டயும் இதே டப்பாவத்தான் நீட்டுவீங்க. கை ஒடைஞ்சா கட்டப் பாத்து லீவு தர்றீங்க. என் தலையில கட்டு இல்லைங்கறதால வலியே இல்லன்னு ஆயிடுமா? அரை மணி குடுத்தா மிச்ச நேரம் முழுசாத் தைப்பேன். குடுக்கலன்னாலும் எடுத்துக்கத்தான் போறேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சூப்பர்வைசர் திரும்பினார். "உங்க அண்ணிக்கு நீயாவது புத்தி சொல்லும்மா."

நாத்தனாரின் கை அப்போது டப்பாவுக்குள் இருந்தது. தன் விரலிடுக்கில் இருந்த மாத்திரையைப் பார்த்தாள். நேற்றும் இதே நேரம், முந்தாநாளும் இதே நேரம். அதைத் திரும்ப உள்ளேயே போட்டாள். ஸ்டூலில் ஏறி, மினுக்கிக்கொண்டிருந்த லைட்டின் ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தாள். பிறகு அண்ணியின் மெஷினில் உட்கார்ந்து காலர் வைக்கத் தொடங்கினாள். கோணலாகத்தான் வைத்தாள், ஆனாலும் வைத்தாள்.

காலர் அக்கா வெளிறிய முகத்தோடு, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தாள். நாத்தனார் வைத்ததையெல்லாம் பிரித்து மறுபடி தைத்தாள். லாரி கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது. வானம் இடிந்து விழவில்லை. மறுநாள் அவள் மெஷினில் அவளேதான் உட்கார்ந்தாள். காலர் வைக்க இன்னொரு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று சூப்பர்வைசருக்குத் தெரியாதா என்ன?

ஆனாலும் மனுஷனுக்கு ஆறவில்லை. "போயும் போயும் ஒரு தலைவலிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று முணுமுணுத்தார்.

நாத்தனார் தைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

"வெளிய தெரியாத வலியும் வலிதான் சார். அதுக்கு வேண்டியது வைத்தியமும் ஓய்வும். வாயடைக்க ஒரு டப்பா இல்ல. அத எடுத்து உள்ள வைங்க, பட்டன் போட்டு வைக்க ஆகும்!"