லாப்ஷின்கள் வாழும் நாடுகள்

சேமியா நெய்யில் நிறம் மாறத் தொடங்கியிருந்தது, வெள்ளையிலிருந்து மெல்லிய மஞ்சளுக்கு, அடுப்புக்குப் பக்கத்தில் உப்பு ஜாடிமேல் சாய்த்துவைத்த கைப்பேசியில் செம்மலர் தன் முகத்தை எடுத்துவிட்டு லாப்ஷின் என்ற பெயர் எந்த நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நிறமிட்ட ஓர் உலகப்படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள், கருகிடப்போவுதும்மா, கிளறிக்கிட்டே பாரு என்கிறாள், நான் கிளறிக்கொண்டே பார்க்கிறேன், ரஷ்யா முழுக்க அடர்ந்த நீலம், சுற்றியிருக்கும் நாடுகளில் கொஞ்சம் வெளிறிய நீலம், அவள் படிக்கப் போயிருக்கிற ஜார்ஜியாவில் போன வருடத்தைவிட இந்த வருடம் ஒரு பூச்சு கூடுதலாக, போர் தொடங்கினதும் ஓடி வந்தவங்கம்மா, லாப்ஷின்ங்க கூடிக்கிட்டே போறாங்க என்று சொல்லி விரலால் படத்தைக் கீழே இழுக்கிறாள், இந்தியாவின்மேல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு நீலம், தொட்டால் ஓர் எண் வருகிறது, இரண்டு. யாரு அந்த ரெண்டு, சொல்லு பாப்போம். நீயும் நானும். அப்ப அப்பா? அப்பாவுக்கு அது சொந்தப் பேரும்மா, குடும்பப் பேரா வச்சிருக்கவங்களத்தான் கணக்குல சேப்பான், பாவம், பேருக்கே சொந்தக்காரரு, பேரே இல்லாம நிக்கறாரு. சிரிக்கிறோம். நான் இங்க வந்து நாலு வருசமாச்சு, இன்னும் என்ன அங்கதான் வச்சிருக்கான், அதனால நான் வீட்டுலதான் இருக்கேன்னு நெனச்சிக்க. அவள் பக்கம் வெளியே வேன்காரன் ஒலியெழுப்புகிறான், கூடப் படிக்கும் நிரஞ்சனா கூப்பிடுகிறாள், பனி பார்க்கப் போகிறார்கள், சனிக்கிழமை காலை, எங்களுக்கு ஒன்பதரை, அவர்களுக்கு எட்டு. அப்பாகிட்ட சாயந்தரம் பேசி பொறந்தநாள் வாழ்த்து சொல்றேன், பாயசத்த முழுசும் அவருக்கே குடுத்துடாத. படம் போய்விட்டது. நான் அடுப்பை அணைத்து, வறுத்த சேமியாவைத் தட்டில் கொட்டி ஆறவிட்டேன். அதுவரைக்கும்தான் எல்லாம் சரியாக இருந்தது.

அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்ததும் ஓர் ஆஸ்பத்திரி வழியாகத்தான், என் மாமனார் அருணாசலம் அப்போது நெய்வேலியில் அனல்மின் நிலையத்தில் பிட்டர், ரஷ்யாவிலிருந்து பொறியாளர்கள் வந்து டர்பைன் பூட்டிக்கொண்டிருந்த காலம், என் மாமியாருக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை, அந்த வகை ரத்தம் காலனியில் யாரிடமும் இல்லை, சேதி எப்படியோ சைட்டுக்குப் போய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் வந்து பக்கத்துக் கட்டிலில் படுத்தாராம், எழுந்து, இனிப்பான டீ ஒன்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடி வேலைக்கே போனாராம். பிள்ளை பிழைத்தது, தாயும் பிழைத்தாள், அவர் பெயரையே வைப்பது என்று மாமனார் தீர்மானித்துவிட்டார், அவர் அறைக் கதவில் பலகை இருந்தது, ஏ. லாப்ஷின். எங்கள் ஆட்கள் அதை எங்கள் வழக்கப்படி படித்தார்கள், முன்னால் இருக்கும் எழுத்து அப்பன் பெயர், பின்னால் இருப்பது ஆளின் பெயர், வேறெப்படிப் படிப்பார்கள், ஆகவே அந்த மனிதரின் பெயர் என்று நினைத்து பாட்டன் முப்பாட்டன் வழியாக வந்த அவருடைய குடும்பப் பெயரை ஒரு நெய்வேலிக் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லிவிட்டார்கள். தப்பு என்று தெரிந்தபோது அவர் ஊர் திரும்பிவிட்டார், அந்த ஏ என்னவென்று யாரும் கேட்டு வைக்கவில்லை. என் கணவரைப் பள்ளியில் லாப்சி என்றார்கள், சங்கத்தில் தோழர் லாப்ஷின் என்றார்கள், பெண் பார்க்க வந்தபோது என் அப்பா, மாப்பிள்ளை பேரு என்னா சொன்னீங்க என்று மூன்று தடவை கேட்டார்.

அதைக் குடும்பப் பெயராக்கியது நான்தான், இதை எழுதிவிட வேண்டும். டவுன்ஷிப் நூலகத்தில் முப்பது வருடம் அட்டை எழுதியவள் நான், குடும்பப் பெயரை முன்னால் வைத்து ஆசிரியர் பெயர்களைத் திருப்பிப் போடுவதுதான் என் வேலை, மகளுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் வந்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு முன்னால் என் கணவர் பேனாவோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார், நமக்குத்தான் அது கெடையாதே, சும்மா உட்டுடலாமா என்றார், சும்மா விட்டால் வெளிநாட்டில் தொல்லை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான், தாத்தா பேரு அருணாசலம்னு போடுங்க என்றார் அவர் தங்கை, நான்தான் பேனாவை வாங்கி, அப்பா பேரு போடறதுதானே வழக்கம் என்று பெரிய எழுத்தில் லாப்ஷின் என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன், எனக்கும் சேர்த்து. கையெழுத்து அழகாக இருந்தது. அருணாசலம் என்று எழுதியிருந்தாலும் அந்த வேன் அந்த வளைவில் அப்படித்தான் போயிருக்கும், அது எனக்குத் தெரியும், ஆனால் அந்த அரை நாள் இருந்திருக்காது, அந்த அரை நாளைத்தான் என்னால் எங்கும் வைக்க முடியவில்லை.

ஜார்ஜியா போன மூன்றாம் வருடம் ஒரு மழை நாளில் செம்மலர் செயலியில் டாக்ஸி கூப்பிட்டிருக்கிறாள், ஓட்டி வந்தவர் அதில் பெயரைப் பார்த்து யாரோ தன் ஊர்க்காரர் ஏறப்போகிறார் என்று ரஷ்ய மொழியில் வாய் நிறையப் பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தாராம், பின்சீட்டில் குடையை மடக்கிக்கொண்டு எங்கள் கறுப்பி. நீயா லாப்ஷின்? நாந்தான் லாப்ஷின். நாந்தான் லாப்ஷின், நீ எப்படி லாப்ஷின், எந்த ஊர் லாப்ஷின்? நெய்வேலி. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்ததாகச் சொன்னாள், வதீம் என்று பெயர், ஊரில் பல் டாக்டர், போருக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றதும் மனைவியோடு எல்லை கடந்தவர், ஜார்ஜியாவில் பல் பிடுங்க அனுமதியில்லை, டாக்ஸி ஓட்டுகிறார். பொம்பளைக்கு லாப்ஷினான்னு இருக்கணும், நீ ஆம்பளப் பேர வச்சிக்கிட்டுத் திரியற என்றாராம், அது எங்கப்பா பேரு, பத்திரமா அப்படியே வச்சிருக்கேன் என்று இவள் சொன்னாளாம். அன்றைக்கே போன், ம்மா, நம்ம பேருக்கு அர்த்தம் தெரியுமா, லாப்ஷான்னா சேமியா மாதிரியாம், மாவு நூல், அந்தக் காலத்துல எவனோ ஒருத்தன் ஒல்லியா நெட்டையா இருந்திருப்பான், இல்ல அதையே தின்னுக்கிட்டு இருந்திருப்பான், ஊர்ல சேமியான்னு பட்டப்பேரு வச்சிருப்பாங்க, அவன் பசங்கல்லாம் சேமியா மவன், நாமளும் அதான். என் கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வதீம் எண்ணை வாங்கி, மொழிபெயர்த்துத் தரும் செயலியை வைத்துக்கொண்டு நெய்வேலிக்கு வந்த பொறியாளரைப் பற்றி எழுதிக் கேட்டார், அவர் பெயர் என்ன என்று அங்கிருந்து கேள்வி வந்தது, லாப்ஷின் என்று இவர் அனுப்பினார், அது எல்லாருக்கும் பெயர், அவர் பெயர் என்ன, ஏ என்று அனுப்பினார், கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து ஒரு வரிசை வந்தது, அலெக்ஸேய், ஆந்த்ரேய், அந்தோன், அர்க்காதி, அனதோலி, இதில் யார்? இவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார், எதற்கோ தலையசைப்பவர்போல.

சனிக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் கீழே ஓடியது, ஜார்ஜியாவில் பனிமலைச் சாலையில் வேன் கவிழ்ந்து பதினோரு பேர் பலி, தமிழக மாணவிகளும். செம்மலரின் போன் அணைந்திருக்கிறது, நிரஞ்சனாவின் போன் அணைந்திருக்கிறது, கல்லூரியில் யாரோ எடுத்து ரெண்டு வேன் போச்சுங்க, ஒண்ணு மேலயே மாட்டிக்கிச்சு, சிக்னல் இல்ல என்கிறார்கள், அந்த இன்னொரு வேனைப் பிடித்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். ஞாயிறு காலை பட்டியல் வந்தது, இந்தியர் நால்வர், நான்கு பெயரும் திரையில் நின்றன, இரண்டாவது நிரஞ்சனா. நான் நான்கையும் மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன், அட்டை சரிபார்க்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தேன், அவள் இல்லை, பிற நாட்டினர் ஏழு பேர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டுச் செய்தி வாசிப்பவள் அடுத்ததற்குப் போய்விட்டாள், என் கணவர் பனியன்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர், இல்லடி, நம்ம புள்ள இல்ல, அந்த இன்னொரு வேன்லதான் இருக்கு என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

நிரஞ்சனா வீடு பதினெட்டாம் வட்டத்தில், இரண்டு தெரு தள்ளி, நான் போனேன், அவள் அம்மா ஜெயக்கொடி என் தோளில் விழுந்தாள், இரண்டு பெண்களும் ஒரே ஏஜென்ட் மூலம் ஒரே விமானத்தில் போனவர்கள், நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் நகையை வங்கிக்குக் கொண்டு போனவர்கள், அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன், அது துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள், ஓரளவு துக்கம்தான், அதற்கடியில் வேறொன்று இருந்தது, எனக்கில்லை, எனக்கில்லை என்று ரத்தம் போல ஓடிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டு, உன் புள்ளையாவது பொழைச்சிதே அக்கா, அது வந்ததும் எங்கூட வந்து இருக்கச் சொல்லுக்கா, கடைசியா என்னா பேசிச்சின்னு அதுக்குத்தானே தெரியும் என்றாள், அனுப்பறேன் என்றேன், அனுப்பறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று, சமையலறையில் முந்தின நாள் வறுத்த சேமியா தட்டில் அப்படியே கிடந்தது, எறும்புகூட வரவில்லை, நான் கதவைச் சாத்தினேன், ஜன்னலையும் சாத்தினேன், வாசனை தெருவுக்குப் போகக் கூடாது என்ற நினைப்பு இருந்தது, ஆகவே நான் செய்வது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது, பாலைக் காய்ச்சி சேமியாவைப் போட்டு சர்க்கரை கொட்டி ஏலக்காய் தட்டி, நின்றபடியே ஒரு டம்ளர் குடித்தேன், முந்தின நாளிலிருந்து வெறுமையாக இருந்த வயிற்றில் அந்த இனிப்பு இறங்கியபோது உடம்பெல்லாம் உயிர் வந்தது, இன்றுவரை நான் சாப்பிட்ட எதுவும் அப்படி இனித்ததில்லை. இரண்டாவது டம்ளரை அவருக்கு எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன், அவர் கையில் போன் அடித்தது, வதீம், வேறு யாராவது பேசட்டும் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியில் போட்டார்.

அவருடைய உடைந்த ஆங்கிலம் எனக்குத் தமிழாகத்தான் நினைவிருக்கிறது. மிஸ்டர் லாப்ஷின், போலீஸ் என்னக் கூப்பிட்டாங்க, உங்க குடும்பத்துல ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்காங்க, வந்து பாத்து சொல்லுங்கன்னு. எங்க குடும்பத்துல யாரும் வெளிய போகலையேன்னு சொன்னேன். இருந்தாலும் போனேன். என் கணவர், சொல்லுங்க என்றார், தமிழில், மிக மரியாதையாக, அலுவலகத்தில் பேசுகிறவர் போல, சொல்லுங்க. எங்க குடும்பந்தான் என்றார் வதீம்.

அவளுடைய பாஸ்போர்ட் குடியிருப்பு அனுமதிக்காகக் கல்லூரி அலுவலகத்தில் இருந்தது, கோட்டுப் பையில் படம் இல்லாத நூலக அட்டை மட்டும், எஸ். லாப்ஷின், மலையடிவார ஆஸ்பத்திரியில் பட்டியல் எழுதியவர் முகத்தைப் பார்த்து எழுதும் நிலையில் முகம் இல்லை, அட்டையைப் பார்த்து எழுதினார், அவர்கள் வழக்கப்படி படித்தார், வேறெப்படிப் படிப்பார், ரஷ்யர்கள் பக்கத்தில் எழுதினார், பிறகு அந்தப் பெயரில் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தேடிக் கூப்பிட்டார்கள், முதலில் போனை எடுத்தவர் வதீம். அந்த அரை நாள் முழுக்க அவள் அந்த ஏழு பேரில் ஒருத்தியாக, என் கண்முன்னால், ஒரே வரியில் கிடந்தாள். வதீமுக்கு எப்படித் தெரிந்தது என்று பின்னால் கேட்டோம், இடது கையில் அவர் மனைவி பின்னிக் கொடுத்த மஞ்சள் கையுறை. உடலைப் பெட்டியில் வைக்க உறவினர் கையெழுத்து வேண்டியிருந்தது, நாங்கள் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தோம், ஒன்பதாம் நாள் அவளோடு வந்த காகிதங்களில் ஒன்றை மொழிபெயர்த்துப் பார்த்தால், உறவுமுறை என்ற இடத்தில் தகப்பனின் தம்பி என்று எழுதி வதீம் கையெழுத்துப் போட்டிருந்தார், யாரும் சந்தேகப்படவில்லை, பெயர் ஒன்றாக இருந்ததால். என் கணவர் அந்தக் காகிதத்தைத் தன் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருக்கிறார்.

ஜெயக்கொடி வந்தாள், தன் மகளைப் புதைத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது, என் பக்கத்தில் உட்கார்ந்து, அன்னிக்கு எங்கூட அழுதியே அக்கா, உனக்கும் சேத்துதான் அழுதிருக்க, தெரியாமலே என்றாள். நான் அவளிடம் பாயசத்தைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் முதல்முறை.

இன்று மறுபடி என் கணவருடைய பிறந்த நாள், எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், வதீமிடமிருந்து வாழ்த்து வந்திருக்கிறது, அவர்கள் செர்பியாவுக்குப் போய்விட்டார்கள், அங்கே பல் பிடுங்க விடுகிறார்களாம், அனதோலி என்று ஒருவரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இந்தியாவுக்குப் போனவராம், உறுதியில்லை என்று எழுதியிருக்கிறார். ஏன் அடுப்பைப் பற்றவைத்தேன் என்று தெரியவில்லை, நெய் விட்டேன், சேமியாவைக் கொட்டினேன், கைப்பேசியை உப்பு ஜாடிமேல் சாய்த்து அந்தப் படத்தைத் திறந்தேன், நிறங்கள் நகர்ந்திருக்கின்றன, ஜார்ஜியாவில் ஒரு பூச்சு குறைந்திருக்கிறது, செர்பியாவில் கூடியிருக்கிறது, முன்பு எதுவுமில்லாத அர்ஜென்டினாவின் ஓரத்தில்கூட ஒரு நீலம், மனிதர்கள் மூட்டைகளோடு போகும் பக்கமெல்லாம் அந்த மாவு நூல்காரனின் பெயரும் போய்க்கொண்டிருக்கிறது, கருகிடப்போவுதும்மா என்று சொல்ல ஆளில்லாமல் சட்டியில் மஞ்சள் தாண்டிப் பழுப்பாகிறது, பழுப்பு தாண்டிக் கறுக்கிறது, புகை எழுகிறது, கூடத்திலிருந்து அவர், என்னாடி வாசனை என்கிறார், நான் கிளறவில்லை, படத்தைக் கீழே இழுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்த நீலத்தை விரலால் தொடுகிறேன்.

இந்தியா, இரண்டு.