மாமனார் போகாத கடற்கரை

டர்பனுக்குத் தெற்கே, மார்கேட்டில், விடுமுறைக்கு எடுத்த எங்கள் வாடகை வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நான்கு கடற்கரைகள் இருந்தன. எது நல்லது என்று என் புகுந்த வீட்டார் தினமும் காலையில் அடித்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பேன்: மாமனார் எதற்குப் போகவில்லையோ அது. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

செப்டம்பரில்தான் எனக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் புது மருமகளை மகோட்டி என்பார்கள். மகோட்டி மாமனார் முன் தலைமுடியைக் காட்டக் கூடாது, தோளைக் காட்டக் கூடாது, அவரோடு நேராகப் பேசக் கூடாது. ஊரில், நியூகாசில் வீட்டில் இது பெரிய கஷ்டமில்லை. அவர் கூடத்தில் இருந்தால் நான் அடுக்களையில் இருப்பேன். எங்களுக்குக் கோடையான டிசம்பர் வெயிலில், கடற்கரை மணலில், தலைத்துணியும் தோள்போர்வையும் கணுக்கால் வரைக்கும் பாவாடையுமாக உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். இருபத்தைந்து மீட்டர் குளம். இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு முறை சுவர் வந்து முட்டும், திரும்ப வேண்டும். எட்டு வருடமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறேன். கடலைப் பார்த்ததே இல்லை. சுவர் இல்லாத தண்ணீரில் ஒரே ஒரு தடவை நீந்திவிட வேண்டும் என்று ஒரு நீல நீச்சல் உடை வாங்கி, பைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் சுருட்டி வைத்திருந்தேன். கையில் ஐந்து நாள் இருந்தது.

முதல் நாள் காலை கஞ்சி குடிக்கும்போதே பஞ்சாயத்து ஆரம்பித்தது.

"பெரிய பீச்சுக்குப் போலாம்மா. அங்கதான் ஆளுங்க இருக்காங்க" என்றாள் நாத்தனார் ஹ்லெங்கிவே.

"ஆளுங்களா, பசங்களா?" என்றார் மாமியார்.

கூடத்து நாற்காலியிலிருந்து மாமனார் தொண்டையைச் செருமினார். "நீங்க எல்லாரும் பெரிய பீச்சுக்கே போங்க. நான் அந்தப் பாறைக்குளத்துப் பக்கம் போயிட்டு வரேன்."

எனக்கு நெஞ்சு துள்ளியது. அடுத்த நொடியே மாமியார் அதை அமுக்கிவிட்டார்.

"தனியாவா? முப்பது வருஷம் சுரங்கத்துல தின்ன கரித்தூள நெஞ்சுல வெச்சுக்கிட்டு தனியா போறாராம்! விழுந்தா யாரு தூக்குறது? இவ்வளவு தூரம் வந்தது ஆளுக்கொரு மூலையில குந்தவா? எல்லாரும் குளத்துக்கே போவோம். மகோட்டி, கோழியப் பெட்டியில எடுத்து வைம்மா."

பாறைகளுக்கு நடுவே சுவர் எழுப்பி, அலை ஏறும்போது கடலே வந்து நிரம்புகிற குளம் அது. நான் போர்வைக்குள் வெந்தேன். மாமனார் பத்தடி தள்ளி கோட்டு, தொப்பி, பாலிஷ் போட்ட ஷூ சகிதம் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயில் வார்டன் தோற்றான். என் கணவன் பெகுமூசி அலையில் புரண்டுவிட்டு வந்து என் மேல் தண்ணீரை உதறினான்.

"சூப்பரா இருக்கு தெரியுமா!"

"தெரியாது" என்றேன்.

"அஞ்சு நாள்தானே. கொஞ்சம் பொறுத்துக்கோயேன்."

அவன் புரளுகிற ஐந்து நாள்தான் நான் பொறுக்கிற ஐந்து நாளும். கணக்கில் எவ்வளவு நியாயம்!

இரண்டாம் நாள் மாமனார் ஆற்றுக் கழிமுகத்துக்குத் தனியாகப் போகிறேன் என்றார். எல்லாரும் அங்கே போனோம். மூன்றாம் நாள் நான் ஒரு தந்திரம் செய்தேன். தலைவலி என்று படுத்துக்கொண்டேன். இவர்கள் கிளம்பியதும் பின்வழியாக நழுவலாம் என்று எண்ணம். மாமியார் தங்கமான மனுஷி, அதுதான் தொல்லை. "மகோட்டிக்குத் தலைவலின்னா யாருக்குக் கடல் வேணும்?" என்று மொத்தக் குடும்பத்தையும் வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டார். ஹ்லெங்கிவே கதவைச் சாத்துகிற வேகத்திலேயே என்னைத் திட்டினாள். அதைவிட மாமனார் முகம்தான் சுண்டிப்போயிருந்தது. கையில் துண்டை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் வெகுநேரம் நின்றார். மருமகள் பாசாங்கு புரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் பயந்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் அவர் சின்னக் கடற்கரை என்றார், எல்லாரும் சின்னக் கடற்கரைக்குப் போனோம். அன்று எனக்கு அவர் மேல் ஆத்திரமே வந்தது. நான் எங்கே இறங்கிவிடுவேனோ என்று இடம் மாற்றி மாற்றிக் காவல் காக்கிறார் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. ஊருக்குக் கடல் தண்ணீர் கொண்டுபோகாமல் யாரும் திரும்ப முடியாது. குடித்து வயிற்றைக் கழுவ, வாசலில் தெளிக்க என்று அக்கம்பக்கமெல்லாம் கேட்டு, பேர் எழுதிய பாட்டில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தண்ணீரை விடியற்காலையில், ஆள் இறங்கும் முன்னால் பிடிக்க வேண்டும். "நானே போய்ப் பிடிச்சுட்டு வரேம்மா" என்று முந்தின நாளே மாமியாரிடம் சொல்லிவைத்திருந்தேன். விடிந்தும் விடியாமல் பாவாடைக்குள் நீல உடையைப் போட்டுக்கொண்டு, ஆறு பாட்டிலோடு பாறைக்குளத்துக்கு ஓடினேன். அந்தச் சுவரைத் தாண்டினால் நேரே கடல். போகிற வழியிலேயே தலைத்துணியை அவிழ்த்துவிட்டேன்.

பாறை மேல் கோட்டு மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் கால்சட்டை, காலுறை செருகிய பாலிஷ் ஷூ, எல்லாவற்றுக்கும் மேல் தொப்பி.

குளத்தில் மாமனார் மார்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். முதுகெல்லாம் நிலக்கரி கீறிய நீலத் தழும்புகள். நான் பார்த்திருக்கக் கூடாத முதுகு. அலை சுவரைத் தாண்டி அவர் தலையில் விழுந்தது. அவர் "ஊ!" என்று கத்தினார். பிறகு சிரித்தார். நான்கு நாளாக நாற்காலியில் விறைத்திருந்த அதே மனுஷன், தனக்குத்தானே, வயிறு குலுங்கச் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகோட்டி முன் மாமனாரும் சட்டையைக் கழற்றக் கூடாது. அவரும் நான்கு நாளாக ஒரு கடற்கரையைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் இல்லாத ஒன்றை.

என் குளம் போயிற்றே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்து கோபத்தை விழுங்கியது. இன்னும் ஓரடி வைத்தால் அவர் திரும்பிப் பார்ப்பார், சிரிப்பு நின்றுவிடும். பின்னாலேயே நகர்ந்தேன். அக்குளிலிருந்து ஒரு பாட்டில் நழுவிப் பாறையில் உருண்டது. எடுக்க நிற்காமல் ஓடினேன்.

பெரிய கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தது. அலை ஆள் உயரம். மற்றவர்களானால் இறங்கியிருக்கலாம், நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள் அந்தக் கொடியைத் தாண்ட மாட்டாள். முழங்கால் தண்ணீரில் நின்று ஐந்து பாட்டிலை நிரப்பினேன். அழுதேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வேனில் சாமான் ஏற்றும்போது ஆறாவது பாட்டிலும் அங்கே இருந்தது. எதிர்வீட்டு மாந்துலி பேர் எழுதியது. கழுத்து வரை நிரம்பியிருந்தது. மாமனார் முன் சீட்டில் ஏறித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நான் கடைசிச் சீட்டில் ஒடுங்கினேன். குளத்துக்கு நான் வந்துபோனது அவருக்குத் தெரிந்துவிட்டது.

டர்பனுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் வந்தது. அமைதியான கடல், பச்சைக் கொடி, உயிர்காப்பாளர்கள் வந்துவிட்டிருந்தார்கள். "நிறுத்துடா" என்றார் மாமனார், வண்டி ஓட்டிய மகனிடம். "வண்டியோட முதுகு கடலப் பாத்து இருக்கட்டும்."

இறங்கினார். மாந்துலியின் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அத்தனை தண்ணீரையும் தார்ச்சாலையில் கவிழ்த்தார்.

"ஐயோ, என்ன பண்றீங்க!" என்று மாமியார் அலறினார்.

"குளத்துத் தண்ணி. வயித்தக் கழுவ இது ஆகாது." எங்களோடு வந்திருந்த, என் ஓரகத்தியின் ஐந்து வயது மகள் ஒவேத்துவைக் கூப்பிட்டார். எங்கள் பேச்சுக்கு அவள்தான் தபால்காரி. "உன் சித்திகிட்ட சொல்லு. ஆழத்துத் தண்ணி வேணும். அலை உடையுற இடத்துக்கும் அப்பால போயி மொண்டுட்டு வரணும்."

"மகோட்டியா? இவன் போகட்டுமே" என்று மாமியார் மகனைக் காட்டினார்.

"இவன் கரையில புரளுறவன். நீந்தத் தெரிஞ்சவங்கதான் போகணும்." திரும்ப வேனில் ஏறினார். "வெளிக்காத்து எனக்கு ஆகல. கண்ணாடிய ஏத்துங்க. நான் தூங்கப் போறேன். யாரும் எழுப்பாதீங்க." தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டார்.

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடிகளை ஏற்றினார். ஒவேத்து ஓடிவந்து என் கையில் பாட்டிலைத் திணித்தாள். "சித்தி, ஆழமா போணுமாம்!"

போனேன். பச்சைக் கொடிகளுக்கு நடுவே போர்வை, தலைத்துணி, பாவாடை எல்லாவற்றையும் ஹ்லெங்கிவே கையில் கொடுத்தேன். "ஐயோ அண்ணி, உள்ளயே போட்டுக்கிட்டா வந்தீங்க!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அலை உடையும் இடத்தைத் தாண்டினேன். இருபத்தைந்து மீட்டர் வந்தது, என் உடம்பு தானாகத் திரும்பப் பார்த்தது. சுவர் இல்லை. இன்னும் போனேன். சுவர் இல்லை. அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சத்தம் போட்டுச் சிரித்தேன் என்பது மட்டும் ஞாபகம்.

மூச்சு வாங்கத் திரும்பியபோது கரை மேல் எங்கள் வெள்ளை வேன் தெரிந்தது. கொதிக்கிற வெயிலில், நாலு பக்கமும் கண்ணாடி ஏற்றி. உள்ளே அந்தக் கரித்தூள் நெஞ்சு. அதற்குமேல் என்னால் ஒரு கை வீச முடியவில்லை. பாட்டிலை அமுக்கி நிரப்பிக்கொண்டு, வந்ததைவிட வேகமாகக் கரைக்கு நீந்தினேன். ஆக மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும்.

ஈர உடைக்கு மேலேயே பாவாடை, போர்வை, தலைத்துணி எல்லாம் ஏறின. வேன் கதவைத் திறந்ததும் அடுப்பு மாதிரி அனல் அடித்தது. மாமனார் அசையவில்லை. தொப்பி முகத்தில்தான் இருந்தது. கோட்டு மடியில் கிடக்க, வெள்ளைச் சட்டை முழுக்க வேர்வையில் தோளோடு ஒட்டி, உள்ளே நீலத் தழும்புகள் தெரிந்தன. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஆழத்துத் தண்ணிதான்னு தாத்தாகிட்ட சொல்லு" என்றேன் ஒவேத்துவிடம்.

அவள் சொன்னாள். தொப்பிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"போதுமான அளவு இருந்துச்சான்னு கேளு."

ஒவேத்து என் முகத்தைப் பார்த்தாள். என் தலைத்துணியிலிருந்து உப்புத் தண்ணீர் வாய்க்குள் வழிந்துகொண்டிருந்தது.

"போதும்னு சொல்லு" என்றேன். அவருக்கு நான் சொல்லியனுப்பிய முதல் பொய் அது.