தலைகீழாக இருந்த வேதாகமம்

உம்ப்ரியா வட்டாரத்து மலைமேல் இருந்த அந்தக் கன்னியர் மடத்தில் விடிந்ததும் ஒரு மணி நேரம் எல்லாரும் வேதாகமத்தோடு உட்கார வேண்டும். ஓட்டமாகப் படிக்கக் கூடாது. ஏதாவது ஒரு வசனம் பிடித்து நிறுத்தினால் அங்கேயே நின்று அதை அசைபோட வேண்டும். யாரை எது நிறுத்தியது என்று சனிக்கிழமை மாலை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

சிஸ்டர் ஒர்த்தென்சியாவை முப்பது வருஷமாக எதுவும் நிறுத்தவில்லை. சனிக்கிழமைதோறும் எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவாள். பக்கத்து இருக்கை பியேரினா வாய் திறந்தாலோ மடத்துத் தலைவியான மதர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒர்த்தென்சியாவுக்கு வயிறு எரியும். லத்தீன் படித்தவள் நான், சாப்பாட்டு வேளையில் எல்லாருக்கும் வேதம் வாசிக்கிறவள் நான். கடவுள் என்னைத் தாண்டிப் போய், ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தவளிடம் பேசுவானேன்?

வெள்ளிக்கிழமை காலை, கீழே விழுந்த ஜெபமாலையை எடுக்கக் குனிந்தபோது பார்த்தாள். பியேரினா மடியில் வேதாகமம் தலைகீழாக இருந்தது. ஒர்த்தென்சியாவுக்கு ஒரே கொண்டாட்டம். மணி அடித்ததும் அவளை வராந்தாவில் மடக்கினாள்.

"புத்தகம் தலைகீழா இருக்கு, மகராசி ஒரு மணி நேரமா உருகுறீங்க! நல்லா நடிக்கிறீங்க சிஸ்டர். மதர்கிட்ட நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

பியேரினா சிரித்துவிட்டாள். "தலைகீழாவா வெச்சிருந்தேன்? பனிக்காலத்துல இருந்து கண்ணு மங்கி எனக்கு எழுத்தே தெரியல சிஸ்டர். மதருக்குத் தெரியும். சாப்பாட்டுல நீங்க வாசிக்கிறீங்கல்ல, அதுல ஒரு வாய் எடுத்து வெச்சு மென்னுக்கிட்டிருக்கேன்."

"நான் வாசிச்சதையா?"

"வேற யாரு? நேத்து காயின் கதை வாசிச்சீங்க. தம்பி காணிக்கைய மட்டும் கடவுள் ஏத்துக்கிட்டதும் அண்ணன் மூஞ்சி தொங்கிப்போச்சு. ஆனா பாருங்க, கடவுள் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசல. ஏன்ப்பா மூஞ்சி வாடியிருக்குன்னு அண்ணனைத்தான் கேக்கறாரு. அதைத் தாண்டி என்னால போக முடியல. கொஞ்சம் நிதானமா வாசிங்க சிஸ்டர், நீங்க ஓட்டுற ஓட்டத்துல பாதி நழுவிடுது."

அதை வாசித்தபோது ஒர்த்தென்சியா என்ன செய்துகொண்டிருந்தாள்? பியேரினா இரண்டாம் கரண்டி பருப்பு சூப் வாங்குகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயிலிருந்து போனதே அவளுக்கு விருந்தாகியிருக்கிறது. அதற்கும் பொறாமை வந்தது.

மறுநாள் சனிக்கிழமைச் சபையில் ஒர்த்தென்சியா முறைதான் முதலில். காயின் வசனத்தைத் தனதென்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தே எழுந்தாள். வாசித்தது நான்தானே?

மதர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சிஸ்டர், ஏன் மூஞ்சி வாடியிருக்கு?"

ஒர்த்தென்சியாவை அந்தக் கேள்வி நிறுத்திவிட்டது.

"பொறாமை, மதர்" என்றாள்.