நாலு மணிக்குக் கதை கேட்பார்

நெருப்புச் சட்டியின் உறிக்கயிறு விரலை அறுத்தது. ராகவன் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். பின்னால் நாலு பேர் தோளில் அப்பா வந்துகொண்டிருந்தார். அல்சூர் ஏரியைத் தாண்டிய ஏற்றத்தில் அவர்கள் மூச்சு வாங்க நின்றபோது அவன் வெயிலைப் பார்த்தான். பன்னிரண்டுகூட ஆகியிருக்காது. ஒன்றரைக்குள் கொள்ளி வைத்து முடிந்தால் நாலு மணிக்கு ஹோட்டலில் இருக்கலாம்.

இந்த நேரத்திலும் மணி பார்க்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் மனசு மணி பார்ப்பதை நிறுத்தவில்லை.

காலை ஏழுக்கு அப்பாவின் மூச்சு நின்றபோது அவனுக்கு முதலில் தோன்றிய வார்த்தை 'இன்னிக்கேவா' என்பதுதான். மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தவர். நேற்றுப் போயிருக்கலாம். நாளைக்குப் போயிருக்கலாம். கோயமுத்தூரில் டாக்கி கம்பெனி நடத்தும் ஞானசேகரன், படம் பிடிக்க இடம் பார்க்க மைசூர் போகிற வழியில் ஒரே ஒரு நாள் பெங்களூரில் தங்குகிறார். அந்த நாள் இன்று. 'நாலு மணிக்கு வரவும். முதலாளி கதை கேட்பார்' என்று கார்டு வந்து பத்து நாளாகிறது.

அந்தக் கார்டுக்கு அவன் ஐந்து வருஷம் காத்திருந்தான். சினிமாவுக்குக் கதை எழுத எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்ல அவனுக்கு யாருமில்லை. பட நோட்டீஸ்களின் அடியில் இருந்த விலாசங்களுக்கெல்லாம் எழுதினான். பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர், புராணமா, எத்தனை பாட்டு என்று கேட்டார்கள். ஒருவர் நேரில் வரச் சொல்லி, இவனும் ஆபீசில் லீவு போட்டுச் சேலம்வரை போனால் கம்பெனி வாசலில் பூட்டு தொங்கியது. அனுப்பிய கதைக்கட்டு திரும்பி வரும்போதெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அப்பாதான். சர்வே ஆபீசில் முப்பது வருஷம் இருந்த பழக்கம், உறையின் மூலையில் வந்த தேதியைப் பென்சிலால் குறித்து அவன் மேஜைமேல் வைத்துவிடுவார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். அந்தத் தேதிதான் திட்டு.

எல்லாம் முடிந்து ஈர வேஷ்டியோடு வீடு திரும்பியபோது மணி இரண்டே கால். ராஜலக்ஷ்மி அக்கா கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அப்பாவுக்குக் கஞ்சி புகட்டி, துணி மாற்றி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"கார்டுல இன்னிக்குன்னுதானே போட்டிருக்கு?" என்றாள், துடைப்பத்தை நிறுத்தாமல்.

"தீட்டு, அக்கா."

"தீட்டோட இன்னொருத்தர் ஆத்துக்குள்ள போகப்படாது. ஹோட்டல் யார் ஆம்?"

ராகவன் ஈர வேஷ்டியின் நுனியைப் பிழிந்தான்.

"போறதுன்னா போ. போகாம இருந்துட்டு, பதிமூணு நாளும் மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டு ஒக்காந்திருக்காதே. அதைப் பாக்க என்னால ஆகாது."

உலர்ந்த வேஷ்டியும் சட்டையும் மாற்றிக்கொண்டு புறப்பட்டான். முனையில் நின்ற முஸ்லிம் ஜட்காக்காரர் அவனுடைய மொட்டைத் தலையையும், மழித்த மீசையையும், நாமமில்லாத நெற்றியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"மய்யத்து வூட்லேந்து வரீங்களா சாமி?"

"ஆமா. அப்பா."

"ஏறுங்க," என்றார். ஹோட்டல் இருந்த சவுத் பரேடு வரைக்கும் அவர் குதிரையை ஒரு தடவைகூட அதட்டவில்லை.

ஹோட்டல் மாடியில் ஞானசேகரன் பனியனோடு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். பருத்த உடம்பு, சிரித்த முகம். எழுந்து கும்பிட்டார்.

"வாங்க தம்பி. என்னங்க, திருப்பதிங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தான். சொன்னால் இவர் எழுந்துவிடுவார். ஐயோ பாவம் என்பார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்பார். அந்த இன்னொரு நாளை அவன் அறிவான். அது வர இன்னும் ஐந்து வருஷம் ஆகும்.

"ஆமா," என்றான். "பிரார்த்தனை."

"நல்லதுங்க. சொல்லுங்க, கேப்போம்."

கதை அவன் இரண்டு வருஷம் முன்பு எழுதியது. நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்ட மகனோடு பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு குமாஸ்தா, கடைசியில் அவனைப் பார்க்க ரயிலேறி வந்து, மகன் வருவதற்குள் பிளாட்பாரத்தில் இறந்துபோகிறார். கண்ணாடிமுன் பலமுறை சொல்லிப் பார்த்த கதைதான். ஆனால் குமாஸ்தா சாகிற இடம் வந்ததும், எழுதாத விஷயங்கள் அவன் வாயில் வந்தன. தாடை தொங்காமலிருக்க வேஷ்டிக் கரையைக் கிழித்துக் கட்டியது. அப்படிக் கட்டியபோது காதோரம் ஒரு கொத்து நரைமயிர் மாட்டிக்கொண்டதும், வலிக்குமே என்று மகன் அதை விடுவித்தது. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டத் தெரியாமல் முடிச்சு இரண்டுமுறை நழுவியது. குரல் தடுமாறவே இல்லை. இவ்வளவு நன்றாக அவன் ஒருநாளும் கதை சொன்னதில்லை. அது அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தாமல் சொல்லி முடித்தான்.

ஞானசேகரன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தத்ரூபமுங்க. நேர்ல பாத்தாப்புல இருக்குது."

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுனாலதானுங்க சொல்றேன். இது வேண்டாம். அப்பன் சாகக்கூடாது."

"சாகாம..."

"ரயில் வரட்டும், மகன் வந்து கால்ல விழட்டும், அப்பன் கட்டிக்கட்டும். அங்க ஒரு பாட்டுப் போட்டுக்கலாம். ஜனங்க காசு குடுத்துப்போட்டு அழுதுட்டே வூட்டுக்குப் போக மாட்டாங்க தம்பி."

"அவர் செத்தாத்தான் கதை, சார். அவ்வளவு வருஷம் பேசாம இருந்ததுக்கு..."

"அதெல்லாம் படிக்கிறவங்களுக்குங்க." குரலில் கோபமே இல்லை. நறுக்கிய ஆப்பிளைத் தட்டோடு நகர்த்தினார். "அடுத்த சனிக்கிழமை மைசூர்லேந்து திரும்பறேன். முடிவை மாத்தி எழுதி ஸ்டேஷனுக்குக் கொண்டாங்க. எங்க கதை எழுதற வாத்தியாருக்கு ஒத்தாசையா கோயமுத்தூருக்கே வந்துருங்க."

"கதை வசனம்னு என் பேர் வருமா?"

"மொதல் படத்துல எப்படிங்க? அப்பறம் பாத்துக்கலாம்."

அவன் கும்பிட்டுவிட்டு இறங்கினான். ஆப்பிளைத் தொடவில்லை. திரும்பும்போது ஜட்கா ஏறத் தோன்றாமல் நடந்தே வந்தான். ஏரிக்கரையில் ஒருவன் வேட்டைநாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் வா என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷம் எங்கே இருக்கிறதென்று நெஞ்சுக்குள் துழாவிப் பார்த்தான். செருப்பில் ஏறிய கல் உறுத்தியது. அதைத் தட்டிவிட்டு நடந்தான்.

அக்கா கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

"என்ன சொன்னார்?"

"பிடிச்சிருக்காம். அப்பா மட்டும் சாகக்கூடாதாம்."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கப் போகிறாளோ என்று அவனுக்குத் தோன்றியது. சிரிக்கவில்லை.

"ஆத்து விஷயம் சொன்னியோ?"

"மொட்டையப் பாத்துக் கேட்டார். திருப்பதின்னுட்டேன்."

வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"கைகால் அலம்பிண்டு வா. பக்கத்தாத்துலேந்து சாதம் வந்திருக்கு."

மறுநாள் விடிந்ததும் சஞ்சயனத்துக்குப் போனார்கள். தூறல் விட்டிருந்தது. காரியம் செய்துவைத்த வாத்தியார் சொல்லச்சொல்ல ராகவன் சாம்பலுக்குள் எலும்புகளைத் தேடி ஒவ்வொன்றாய் மண்கலயத்தில் எடுத்து வைத்தான். கடைசியில் வாத்தியார் பால் செம்பை அவன் கையில் கொடுத்தார்.

அவன் குனிந்து ஊற்றினான். உள்ளே சூடு இன்னும் ஆறவில்லை. பால் சுர்ரென்று இழுபட்டு, மெல்லிய ஆவி அவன் முகத்துக்கு நேரே எழுந்தது. அவன் கை நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ," என்றார் வாத்தியார்.