பதினொரு தையல்

வறண்ட மணலுக்குள் ஆயிரத்து எழுநூறு வருடம் கிடந்த கம்பளிச் சட்டை அது. அதைப் போட்டுப் புதைத்த பிள்ளை மண்ணோடு மண்ணாகிவிட்டது. சட்டை மட்டும் மிச்சம். அருங்காட்சியகத்தின் துணிப் பிரிவில் அவள் ஒருத்திதான். இரண்டு வருடமாக அவளுக்குப் பொழுது விடிவதும் போவதும் அந்தச் சட்டையோடுதான்.

இடது தோளில் பதினொரு தையல். மண்ணுக்குள் போகும் சட்டை என்று தெரிந்தும் யாரோ ஒருத்தி உட்கார்ந்து, ஓட்டையை அடைத்துப் பிள்ளையை அனுப்பியிருக்கிறாள். வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கை ஞாபகம் வரும். காட்சிக்கான விவரச்சீட்டிலும் அதைத்தான் எழுதியிருந்தாள்: 'தாய் தைத்தது.' சீட்டு நாளை அச்சுக்குப் போகிறது.

கடைசியாக ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்தாள். சட்டையின் நூலெல்லாம் இடப்பக்கம் முறுக்கியவை. தையல் நூல் மட்டும் வலப்பக்கம் முறுக்கியிருந்தது, பிசிறில்லாமல் ஒரே சீராக. இயந்திரத்தில் நூற்றது.

அவளுக்கு முன் அந்த நாற்காலியில் முப்பது வருடம் இருந்தவருக்கு போன் போட்டு, தோள் தையலைப் பற்றிக் கேட்டாள்.

"நான்தாம்மா," என்றார் உடனே. "தேயிலைத் தண்ணில நூல ஊறப்போட்டு நிறம் சேத்தேன். இதக் கண்டுபிடிக்க ரெண்டு வருஷமா? கண்ணாடிய மாத்து முதல்ல."

"பதிவேட்டுல ஒரு வரி எழுதியிருக்கலாமே சார்?"

"எழுதினா தையலப் 'பிரி'ன்னுவாங்க. அந்த ஓட்டையையே பாத்துக்கிட்டு எத்தன நாள்தான் தனியா உக்காந்திருக்கறது, நீயே சொல்லு."

"பதிவில்லாத தையல் இருக்கக்கூடாது சார். பிரிக்கணும்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"பிரி. போன மட்டும் வச்சிடாத."

போனை மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு தையலாக வெட்டி இடுக்கியால் உருவினாள். அவர் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஓட்டை விரல்நுனி அகலம்தான். நூல் துண்டுகளை உறையில் போட்டுத் தேதி எழுதினாள். விவரச்சீட்டில் அந்த ஒரு வரியை அடித்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

"தையல் எப்படி இருந்துச்சு?"

"ஒரு அம்மா போட்டதுன்னே நெனச்சிட்டிருந்தேன்."

"அப்படியா," என்றார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெல்ல, "அப்படியா."

இருவரும் போனை வைக்கவில்லை.