வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் தொண்ணூற்று நான்காவது நிமிடமும்

ஸ்கெல்பி டவுன் அணி தன் ரசிகர்களின் விசுவாசத்தைப் புள்ளி போட்டு அளந்துவிடும். வெளியூர் ஆட்டம் ஒன்றுக்குப் போனால் ஒரு புள்ளி. மழையில் நின்றதற்கோ, ஐந்து கோல் வாங்கியதைக் கடைசிவரை பார்த்ததற்கோ கூடுதல் புள்ளி கிடையாது. முக்கியமான ஆட்டம் வந்தால் அதிகப் புள்ளி வைத்திருப்பவர்களுக்குத்தான் முதலில் டிக்கெட்.

ஜெரால்டு சவர்பி நாற்பத்தியோரு வருடமாகப் போய்க்கொண்டிருந்தார். இந்த வருடம்தான் கணையத்தில் கட்டி வந்தது. பதினோரு வெளியூர் ஆட்டங்கள் நடந்த நேரத்தில் அவர் கையில் மருந்து ஏற, ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். பருவத்தின் கடைசி ஆட்டம் ஆல்டர்மியரில். ஸ்கெல்பி சமன் செய்தால் தப்பிக்கும், தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். விருந்தாளி ரசிகர்களுக்கு ஆயிரத்து இருநூறு இடங்கள். ஜெரால்டு வரிசையில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஆள்.

தம்பி கிளைவ் விவரத்தைச் சொல்லி அணியின் டிக்கெட் அலுவலகத்துக்கு எழுதினான். மறுநாளே பதில் வந்தது: "ஜெரால்டு விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம். மருத்துவமனை வருகை வெளியூர் ஆட்டமாகக் கருதப்படுவதில்லை."

அடுத்த பருவம் ஆகஸ்டில். டாக்டர் ஜூலையைப் பற்றித்தான் பேசியிருந்தார், அதையும் கொஞ்சம் தாராளமாகவே பேசியிருந்தார். டைல்ஸ் கடையில் வேலை பார்க்கும் கிளைவுக்குக் கால்பந்தில் அவ்வளவாக ஈடுபாடு கிடையாது. ஆனால் அண்ணனை இந்த ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப் போய், கடைசி விசில்வரை உட்கார வைத்துக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டான். தேடியதில் ஒரு வழி கிடைத்தது. ஆல்டர்மியர் மைதானத்தில் 'மாலைத் தேநீர் விருந்துடன் ஆட்டம்' என்று ஒரு ஏற்பாடு. அதற்குப் புள்ளி வேண்டாம், கிரெடிட் கார்டு போதும்.

"வெள்ளரிக்காயா?" என்றார் ஜெரால்டு.

"சாண்ட்விச்சுக்குள்ள இருக்கும்ணே."

"பந்தாட்டம் பாக்கப் போற எடத்துல வெள்ளரிக்காய் எதுக்குடா?"

"நீ தின்ன வேணாம். சும்மா உக்காந்திரு. அது எதிரி இடம். நம்ம ஆளுங்க கோல் போட்டா மூச்சு விடக் கூடாது. விட்டா தூக்கி வெளிய போட்டுருவான்."

"ரெண்டு மணி நேரம் வாயை மூடணும், அவ்வளவுதானே?" என்றார் ஜெரால்டு. "உன் கல்யாணத்துல மூடலையா."

ஆல்டர்மியரின் விருந்து அறையில் எல்லாமே வெளிர் பச்சை. மைதானத்தைப் பார்த்த பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. கூட்டத்தின் சத்தத்தை ஒலிபெருக்கி வழியே, பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்கு உள்ளே விட்டார்கள். மேஜைக்கு மேஜை மூன்றடுக்குத் தட்டு: கீழே ஓரம் வெட்டிய சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்கிற குட்டி இனிப்பு ரொட்டி, உச்சியில் விரல் அகலக் கேக்குகள். பக்கத்தில் ஓர் அட்டை. எதிரணி ஆதரவாளர்களுக்கு இங்கே அனுமதியில்லை, எதிரணியின் கோலுக்கு மகிழ்ச்சி தெரிவிப்போர் வெளியேற்றப்படுவர், ஜாமில் பாதாம் கலந்திருக்கலாம் என்று மூன்று ஆபத்துகளை ஒரே எழுத்தளவில் எச்சரித்தது.

ஜெரால்டுக்குச் சாம்பல் நிறக் கோட்டை மாட்டி, டையும் கட்டிவிட்டிருந்தான் கிளைவ். உடம்பு இளைத்துப் போனதில் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஒரு கை போகும். மஞ்சள் பூத்த முகம். அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த அறையில் ஆட்டத்தையே யாரும் கவனிக்கவில்லை.

அவர்கள் மேஜையில் வேறு மூன்று பேர். டோபி என்று ஒருவன், அவன் மனைவி இமோஜென். கம்பெனி குலுக்கலில் டிக்கெட் விழுந்ததாம். இருவரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேக்கைப் படமெடுத்தார்கள். மூன்றாவது ஆள் ஹேசல் என்கிற அறுபது வயதுப் பெண். அவள் மட்டும் தட்டைத் தொடாமல், கண்ணாடிக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம டீம் எது, சிவப்பா?" என்று இமோஜென் கேட்டாள்.

"நீலம்மா, நீலம்," என்றாள் ஹேசல் திரும்பாமலே. "சிவப்பு இன்னிக்குச் சாகப் போற கூட்டம்."

ஜெரால்டு தேநீரைக் கலக்கினார். சர்க்கரையே போடாத தேநீரை நெடுநேரம் கலக்கினார்.

இருபதாவது நிமிடம். ஸ்கெல்பியின் முன்கள வீரனுக்குக் காலி வலை. அடித்தான், பந்து கம்பத்துக்கு மேலே ஏறிப் போனது. கிளைவின் இரண்டு கைகளும் அவனைக் கேட்காமல் தலைக்குப் போயின. உடனே தலையைச் சொறிவதுபோல் செய்தான். இரண்டு கையாலும் தலையைச் சொறிபவன் எவ்வளவு இயல்பாகத் தெரிவானோ அவ்வளவு இயல்பாகத் தெரிந்தான்.

ஹேசல் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"தலையில பேனா தம்பி?"

"இல்லைங்க."

"பேன்தான். சிவப்புப் பேன்." கதவோரம் நின்ற கறுப்புக் கோட்டுக் காவலாளியைக் கண்ணால் காட்டினாள். "அவன் பாக்கல. பொழச்சே."

கிளைவ் குரலைத் தாழ்த்தினான். "எங்கண்ணனுக்கு உடம்பு முடியல. இதான் கடைசி..."

"கதை வேணாம், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." அவள் குரலில் இரக்கம் ஒன்றும் இல்லை. "முப்பத்தியொரு வருஷம் இந்தப் பக்கம் எனக்கு ஒரு சீட்டு இருந்துச்சு. இடிச்சுட்டு இதைக் கட்டினானுங்க. அதோ, கேக் அலமாரி நிக்குது பாரு, அங்கதான். நான் போட்ட கூச்சல்ல, என் வாயடைக்க ஒரே ஒரு தேநீர் இலவசமாக் குடுத்திருக்கான். இந்த ரூம்ல ஆட்டம் பாக்கறது நாம மூணு பேரு. ஒங்களையும் துரத்திட்டா நான் இவங்களோடல்ல உக்காந்திருக்கணும்?"

டோபி ஸ்கோனை இரண்டாகப் பிளந்து, அதன் உள்பக்கத்தையும் படமெடுத்தான்.

முப்பத்தோராவது நிமிடம் ஆல்டர்மியர் கோல் போட்டது. ஹேசல் கத்திய கத்தலில் மேல்தட்டுக் கேக் ஒன்று சரிந்தது. பணிப்பெண் ஓடி வந்து, மற்ற விருந்தினர்களை உத்தேசித்துச் சற்று மெதுவாக மகிழும்படி கேட்டுக்கொண்டாள். அதற்கு ஹேசல் சொன்ன பதிலில் வெள்ளரிக்காய்க்கு ஓர் உபயோகம் இருந்தது.

ஜெரால்டு இடப்பக்கம் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால், இடது மூலையில் ஆயிரத்து இருநூறு சிவப்புச் சட்டைகள். கோல் வாங்கிய பிறகும் கைகளை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாடறானுங்க," என்றார். "எந்தப் பாட்டுன்னு கேக்குதாடா?"

கிளைவ் காதைக் கூர்மையாக்கினான். ஒலிபெருக்கியில் ஆல்டர்மியர் அணியின் சுற்றுலா ஏற்பாட்டுக்கு விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. "கேக்கலண்ணே."

இடைவேளையில் ஜெரால்டு கழிப்பறைக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் வரவில்லை. திரும்பியபோது உதடு வெளுத்திருந்தது.

"போயிடலாமா?"

"விசில் அடிக்கட்டும்."

எண்பத்தெட்டாவது நிமிடம். மூலையிலிருந்து வந்த பந்து யாருடைய முழங்காலிலோ பட்டு, இன்னொருவன் இடுப்பில் பட்டு, ஆல்டர்மியர் வலைக்குள் உருண்டது. அழகான கோல் என்று பெற்ற தாய்கூடச் சொல்ல மாட்டாள். இடது மூலை ஒரே சிவப்பாகக் கொதித்தது.

கிளைவ் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டான். ரத்தம் உப்புக் கரித்தது. திரும்பிப் பார்த்தால் ஜெரால்டு எழுந்து நிற்கிறார். சத்தமில்லை. வாய் திறந்திருக்கிறது. கண்ணிலிருந்து தண்ணீர் டை மேலே கொட்டுகிறது.

"இவருக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?" என்று டோபி சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் கறுப்புக் கோட்டின் காதில் விழுந்துவிட்டது. அவன் வந்து நின்றான்.

"சார், நீங்க எந்த ஊர் சார்?"

"சந்தோஷமாவா தெரியுது ஒனக்கு?" என்று ஹேசல் பாய்ந்தாள். "எங்க சித்தப்பா மகன்யா இவன். புத்துநோய்க்காரன். கையில இருந்த ஆட்டத்தை விட்டுட்டோமேன்னு அழறான். பாத்தா ஸ்கெல்பிக்காரன் மாதிரியா இருக்கு? ஸ்கெல்பிக்காரனுக்கு டை கட்டத் தெரியுமா?"

காவலாளி மன்னிப்புக் கேட்டான். ஒரு கோப்பைத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து வைத்தான். ஆனால் இரண்டு அடி தள்ளி அங்கேயே நின்றுகொண்டான்.

கூடுதலாக ஆறு நிமிடம் என்று பலகை காட்டியது. ஆறு நிமிடம் தாங்கினால் போதும். தொண்ணூற்று ஒன்று. இரண்டு. மூன்று. கிளைவ் மேஜைக்கடியில் அண்ணனின் கையைப் பிடித்தான். சின்ன வயதில்கூடப் பிடித்ததில்லை. அந்தக் கையில் எலும்புதான் இருந்தது.

தொண்ணூற்று நான்காவது நிமிடத்தில் ஆல்டர்மியர் இரண்டாவது கோலைப் போட்டது.

அறைக்குத் திடீரென்று உயிர் வந்தது. அதுவரை ஆட்டம் நடப்பதே தெரியாதவர்கள் எல்லோரும் எழுந்து குதித்தார்கள். இமோஜென் டோபியை முத்தமிட்டாள். ஹேசல் ஜெரால்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அதில் நடிப்பே இல்லை, அவளுக்கு அது நிஜமான சந்தோஷம். அப்படியே அவர் காதருகே சொன்னாள்: "சிரிச்சுத் தொலை. அவன் பாக்கறான். இன்னும் ரெண்டே நிமிஷம்."

காவலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஜெரால்டு சிரிக்கவில்லை. இரண்டே நிமிடம் என்று கிளைவும் நினைத்தான். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, விசில்வரை உட்கார வைத்துவிடலாம். அவன் எழுந்து நின்றான். பல்லைக் காட்டினான். கைதட்டினான். அண்ணன் பங்குக்கும் சேர்த்துப் பலமாகத் தட்டினான்.

ஜெரால்டு அவன் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"நிறுத்துடா."

"அண்ணே, ரெண்டு நிமிஷம்ணே..."

ஜெரால்டு ஹேசலின் கையை மரியாதையாக விலக்கிவிட்டுக் காவலாளியிடம் போனார். "நான் ஸ்கெல்பிக்காரன். நாப்பத்தியோரு வருஷமா. வெளிய போடு."

"சார், ஆட்டம் முடியப் போகுது. பேசாம உக்காருங்களேன்..."

"அட்டையில எழுதியிருக்குல்ல? போடுய்யா வெளிய."

காவலாளி கதவைத் திறந்துவிட்டான். வாசலில் பணிப்பெண் ஒருத்தி, தொடாத கேக்குகளை டப்பாவில் கட்டிக் கிளைவிடம் நீட்டினாள். அவனும் பழக்கதோஷத்தில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான்.

காவலாளி விட்ட வாசல் விருந்தாளி ரசிகர்கள் பகுதிக்குப் பின்னால் இருந்தது. செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு. கண்ணாடிக்குள் ஒரு வரிகூடக் கேட்காத பாட்டு இங்கே காதை அடைத்தது. விசில் அடித்தது. பாட்டு நிற்கவில்லை. ஜெரால்டு சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். உதடு மட்டும் அசைந்தது. கிளைவுக்கு அந்த வரிகள் தெரியாது. டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பாட்டு ஓய்ந்ததும் இரும்புக் கதவு திறந்து, கூட்டம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது. ரசிகர்களுக்குப் பஸ் ஏற்பாடு செய்யும் லெனி ஃபர்ல் அவர்களைக் கண்டு நின்றான். அழுது வீங்கிய கண்.

"ஜெரால்டு! உனக்கு டிக்கெட் கிடைக்கலன்னானுங்களே. எங்கய்யா இருந்தே?"

லெனியின் பார்வை டையில் ஆரம்பித்து, கோட்டில் இறங்கி, கிளைவின் கையிலிருந்த டப்பாவில் வந்து நின்றது. மூடியில் ஆல்டர்மியரின் நீலச் சின்னம்.

"மேல... தேநீர் குடிக்கிற ரூம்ல," என்றான் கிளைவ்.

"தேநீர்." லெனி தலையாட்டினான். "நாங்க இங்க செத்துக்கிட்டிருந்தோம். நீங்க மேல கேக் தின்னீங்களாக்கும்."

"அவரு ஒண்ணும் திங்கல!" கிளைவின் குரல் உடைந்தது. "ஒரு வாய் திங்கல!"

சுற்றி நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். ஜெரால்டு டையைத் தலைவழியே கழற்றித் தரையில் போட்டார்.

"லெனி, பஸ்ல எடம் இருக்கா?"

லெனி அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். அந்த மஞ்சளைப் பார்த்தான். "இருக்குய்யா. வா. மெதுவா வா." தோளில் கை போட்டு நடத்திப் போனான்.

கிளைவ் பின்னாலேயே நடந்தான். பஸ் படியருகே ஜெரால்டு நின்றார்.

"நீ கார்ல வா."

"ஒனக்கு மாத்திரை நேரம்ணே. ஒன்ற மணி நேரம் பஸ்ல..."

"கார்ல வாடா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "கைதட்டினல்ல."

படியேறிப் போய்விட்டார். ஜன்னல் வழியே யாரோ அவருக்கு இடம் விடுவது தெரிந்தது. யாரோ ஒரு சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிவிட்டார்கள். பஸ் கிளம்பிப் போக்குவரத்தில் மாட்டி நின்றது. கிளைவ் காரை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போய்ச் சேர்ந்தான். நெடுஞ்சாலையில் அது அறுபது மைல் வேகம் பிடிக்கும்வரை, பின் கண்ணாடியில் தெரிந்த தலைகளில் அண்ணனின் தலை எதுவென்று தேடிக்கொண்டே ஓட்டினான். எந்தத் தலையும் திரும்பவில்லை.