அஸருக்கு முன்னே இறங்கிய ஜீப்

“அந்த டிஸ்க்குதான் எங்கட நானாவ மவுத்தாக்கினது. இனி நீ கதைக்க ஒண்ணுமில்ல, உள்ளுக்குப் போ.”

“போக மாட்டேன் சாச்சா. இத்தின பேருக்கு முன்னுக்குச் சொல்லிட்டீங்க. இத்தின பேருக்கு முன்னுக்கே பதிலையும் கேளுங்க.”

இத்தனை பேர் என்று ரிப்கா சொன்னதில் மிகை இல்லை. முற்றத்துக் கதிரைகளில் இருபது பேர், மதிலோரம் முப்பது பேர், ஜன்னல் திரைக்குப் பின்னால் எத்தனை பேர் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அலவத்துகொடயிலிருந்து மலைப்பக்கம் ஏறும் அந்த ஒழுங்கையில், கலியாண வீட்டுக்கு வராதவர்கள்கூட மவுத்து வீட்டுக்குத் தவறாமல் வந்துவிடுவார்கள். வந்த இடத்தில் சண்டையும் சேர்ந்து கிடைத்தால் பிளேன்டி ஆறுவதே தெரியாது. யாஸீன் ஓதிக்கொண்டிருந்தவர்கள் வெகுநேரமாக ஒரே பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தார்கள்.

ரிப்காவின் வாப்பா சாஹுல் ஹமீது அன்று காலை எட்டரைக்கு மவுத்தாகியிருந்தார். மலைத் தோட்டங்களிலிருந்து மிளகும் கராம்பும் ஏற்றி இறக்கும் தன் பழைய ஜீப்பின் முன்பக்கத்து ட்ரம் ப்ரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் ப்ரேக் பூட்டிக்கொண்டிருந்தார். மூன்று கிழமையாக நடந்த வேலை. இடது பக்கத்து டிஸ்க்கையும் வைத்து நட்டுகளை இறுக்கியவர், களைப்பாக இருக்கிறதென்று வாசற்படியில் உட்கார்ந்து மனைவியிடம் பிளேன்டி கேட்டார். மஸீனா கோப்பையோடு வந்தபோது குடிக்க ஆள் இல்லை. ஏற்கெனவே இருதய வருத்தக்காரர். டொக்டர் வந்து துண்டு எழுதிக் கொடுத்தார். கிராம சேவகர் கையெழுத்துப் போட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லிவிட்டது.

சொல்லிவிட்டது சரி. ஜனாஸா எந்த வழியால் போவது?

வீட்டிலிருந்து இறங்கும் கொங்கிரீட் பாதை ஆறடி அகலம். ஒரு பக்கம் மண் வெட்டிய சுவர், மறுபக்கம் கீழ்வீட்டு பஸ்னா மாமியின் தோட்டத்துப் பள்ளம். அந்த ஆறடியையும் அடைத்துக்கொண்டு, முன்சக்கரம் இரண்டும் இல்லாமல், மூக்கைக் கீழே நீட்டியபடி ஜாக்கியில் நின்றது ஜீப். வந்தவர்களெல்லாம் சுவரோடு முதுகைத் தேய்த்து ஒவ்வொருவராக நுழைந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைகள் அதற்குச் சாட்சி. மையித்து வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்து நாலு பேர் அப்படிப் போக முடியாது.

சாஹுல் ஹமீதின் தம்பி, ரிப்காவின் சாச்சா ஸிபானுக்கு அக்குறணையில் இரும்புச் சாமான் கடை. எதையும் இரண்டு சொல்லில் முடிக்கிறவர். “பள்ளத்துல தள்ளுங்க” என்றதும் இரண்டு சொல்தான். அதற்கு ரிப்கா குறுக்கே நின்றபோதுதான் டிஸ்க் பேச்சு வந்தது. டிஸ்க் போடச்சொல்லி ஏழு மாதமாக வாப்பாவை அரித்தெடுத்தது அவள் என்பது ஒழுங்கைக்கே தெரிந்த விஷயம்.

“மழைக்கு ட்ரம் நனைஞ்சி ப்ரேக் புடிக்காம, வாப்பா மண்மேட்டுல மோதி நிப்பாட்டினாங்களே, மறந்துட்டீங்களா சாச்சா? அதுக்குத்தான் டிஸ்க் கேட்டேன்.”

“அன்டைக்கு அவரு உசிரோட வீட்டுக்கு வந்தாரு.”

யாஸீன் ஓதியவர்கள் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினார்கள்.

அவள் ஜீப்பைப் பார்த்தாள். இது பள்ளத்தில் விழுந்தால், வாப்பாவைக் கொன்ற சாமான் என்ற பேச்சும் அதோடு அங்கேயே கிடக்கும். ஆயுசுக்கும் போகவர அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாச்சா சொன்னது பொய் என்று மறுக்கும் தைரியம் அவளுக்கு இல்லை. ஆனால் பாதி வேலையை வைத்துக்கொண்டு ஒரு தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருக்கவும் அவளால் முடியாது.

“எனக்கு அஸர் வரைக்கும் நேரம் தாங்க” என்றாள். “மிச்ச வேலய முடிச்சி நானே கீழுக்கு இறக்குறேன்.”

“ப்ரேக் இல்லாத ஜீப்ப எப்பிடி இறக்குவ?”

“அதத்தான் சாச்சா சொல்றேன். ப்ரேக்கு வரும்.”

கியரில் போட்டு மெதுவாக இறக்கிவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்த ஜீப்பில் ஏறிய அனுபவம் இல்லாதவர். இறக்கத்தில் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். ஹேண்ட் ப்ரேக் பேருக்கு ஒரு கம்பி. தூக்கிப் பொனட்டுக்கு மேலால் ஜனாஸாவைக் கடத்தலாம் என்று வாலிபர்கள் சொன்னதற்கு உள்ளறையிலிருந்து மஸீனாவின் பதில் வந்தது. புருஷனை இழந்தவள் அந்நிய ஆண்கள் முன் வராதிருக்கும் இத்தாவில் உட்கார்ந்துவிட்டவள், முகம் வரவில்லை, குரல் மட்டும் வந்தது.

“அவரு மிளகுச் சாக்கில்ல. எடுக்கிற மாதிரி எடுங்க.”

ஸிபான், “அஸர் பாங்கு சொன்னா நான் தள்ளுவேன்” என்றுமட்டும் சொல்லிவிட்டு மண் சுவரோரம் கதிரையை இழுத்துப் போட்டு, கணக்கெடுக்க வந்தவர்போல உட்கார்ந்துகொண்டார்.

ரிப்கா கட்டுகஸ்தோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். அரிசி மணியைவிடச் சிறிய திருகாணிகளைப் பூட்டும் கை. மூன்று கிழமையாகப் பின்னேரங்களில் வாப்பாவுக்கு ஸ்பெனர் எடுத்துக் கொடுத்து, பிடித்து, இறுக்கி, திட்டு வாங்கி, திருப்பித் திட்டி வந்தவள். அபாயாவின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு அவள் ஜீப்புக்கடியில் குனிந்ததும் ஜன்னல் திரைகள் இன்னும் கொஞ்சம் விலகின. வாப்பா உள்ளே கபன் துணிக்குக் காத்திருக்க மகள் வெளியே கிரீஸ் பூசிக்கொண்டிருந்ததைப் பற்றி அந்த ஒழுங்கை பிறகு ஒரு வருடம் பேசியது. அன்றே பேசத் தொடங்கிவிட்டது என்பதுதான் சரி.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் இடது பக்கத்துக் கெலிப்பரில் ஒயில் குழாய் பூட்டியிருக்கவில்லை. பூட்டினாள். சிலிண்டரில் ப்ரேக் ஒயில் ஊற்றினாள். இனிக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அது ஒரு ஆள் வேலை அல்ல. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரம் பூட்டும் இடத்தில் நிப்பிள் என்ற காற்றுத் திருகைத் திறந்து மூட வேண்டும். எல்லாப் பின்னேரமும் உள்ளே உட்காரப்போவது தானென்றும் திறப்பது வாப்பாவென்றும் நினைத்திருந்தாள்.

“யாராவது ஒரு ஆள் உள்ளுக்கு ஏறுங்க.”

ஆண்கள் ஸிபானின் முகத்தைப் பார்த்தார்கள். ஸிபான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ஏறியது, கீழ்வீட்டு பஸ்னா மாமி.

“ஒனக்காக இல்ல புள்ள” என்றாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு. “பள்ளத்துல தள்ளினா என்ட சாதிக்கா மரத்து மேலதான் வந்து விழும். எத மிதிக்கணும்?”

“நடுவுல ஈக்கிறது. மிதிங்க மாமி. மிதிங்க. இப்ப புடிங்க, உட்டுடாதீங்க.”

“புடிச்சிட்டேன். இவ்வளவு நாளும் இந்த ஜன்னலால எங்கட வீடு இவ்வளவு நல்லாத் தெரியும்னு எனக்குத் தெரியாதே.”

“இப்ப உடுங்க.”

உள்ளே மையித்தைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ரிப்கா நிப்பிளிலிருந்து வரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குமிழி வந்தது, ஒயில் வந்தது, மறுபடி குமிழி. அந்தச் சத்தம் நின்றபோதுதான் இங்கே வெறும் ஒயில் மட்டும் வரத் தொடங்கியது. பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த வாலிபர்கள் இரண்டு பேர், ஸிபான் பார்க்காத நேரம் பார்த்துச் சக்கரங்களைப் பூட்டிக் கொடுத்தார்கள். ஜாக்கி இறங்கியது. பெடல் கல்லு மாதிரி நின்றது. பஸ்னா மாமி, பாதிப் புகழ் தனக்கு என்கிற தோரணையில் இறங்கினாள்.

சக்கரத்துக்கு முன்னால் வைத்திருந்த கற்களைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, ரிப்கா ஏறி உட்கார்ந்தாள். ஜீப் அசையவில்லை. ஆறு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். இறக்கத்தில், ஆறு பேர் தள்ளியும், ஜீப் நின்ற இடத்தில் நின்றது.

“ப்ரேக்கு இல்லாம ஈந்திச்சி” என்றார் ஸிபான் எழுந்திருக்காமலே. “இப்ப ப்ரேக்கு உடுதில்ல. நல்ல வேல.”

யாரோ சிரித்தார்கள், பிறகு எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து இருமினார்கள்.

ரிப்கா இறங்கி மறுபடியும் அடியில் படுத்தாள். பெடலில் யாருடைய காலும் இல்லை. ஆனாலும் நிப்பிளை ஒரு சுற்றுத் திறந்ததும் ஒயில் பீய்ச்சிக்கொண்டு வந்தது; ஜீப் சட்டென்று முன்னால் நகர்ந்து கல்லில் முட்டி நின்றது. அவளுக்கு விளங்கிவிட்டது. பழைய சிலிண்டரின் வாயில் ஒரு சின்ன ரப்பர் வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் கொஞ்சம் அழுத்தத்தைக் குழாயிலேயே பிடித்து வைக்கும். ட்ரம்முக்கு அது வேண்டும். டிஸ்க்குக்கு அதுவே விலங்கு. டிஸ்க் போடுகிறவர்கள் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும்.

முந்தாநாள் பின்னேரம் அவள் கேட்டிருந்தாள். “வாப்பா, அந்த வால்வ களட்டினீங்களா?” “களட்டிட்டேன்” என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

குழாயைக் கழற்றி, வால்வை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒரு கொட்டைப்பாக்கு அளவு. ஊதிப்போய்க் கறுத்திருந்தது. முப்பது வருடமாக ஒருவரும் தொடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

“என்னவாம்? என்ன பிழ?” என்று மதிலோரத்திலிருந்து கேட்டார்கள். ஸிபான் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“ஒரு சாமான் களட்டணும். நான்தான் மறந்துட்டேன்” என்றாள் ரிப்கா. “திரும்பக் காத்து எடுத்தா சரி.”

வால்வை அபாயாப் பையில் போட்டுக்கொண்டு, குழாயைப் பூட்டினாள். மணி மூன்று. பஸ்னா மாமி எங்கே என்று திரும்பிப் பார்ப்பதற்குள் ஜீப்பின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. உள்ளே ஸிபான், ஜனாஸாத் தொழுகைக்கென்று உடுத்தியிருந்த வெள்ளைச் சாரத்தோடு, பெடலில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“சொல்லு” என்றார்.

“மிதிங்க சாச்சா. புடிங்க.”

பிடித்தார். அவள் திறந்தாள், மூடினாள்.

“உடுங்க. திரும்ப மிதிங்க.”

நாலைந்து தரம் அப்படிப் போனது. பிறகு அவர் ஜன்னலுக்கு வெளியே குனிந்து, தாழ்ந்த குரலில் தொடங்கினார். அவ்வளவு தாழ்ந்த குரல் ஸிபானுக்கு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

“ரிப்கா. நானா நேத்து என்ட கடைக்கு நட்டு வாங்க வந்தாரு. ‘வால்வ களட்டல்ல, அது சும்மா கத, புள்ளக்கி மட்டும் சொல்லிடாத’ன்னு சிரிச்சிட்டுப் போனாரு. நீ என்னத்துக்கு...”

“சாச்சா, ஆக்கள் ஈக்காங்க. மிதிங்க.”

அவர் மிதித்தார். அதற்குப் பிறகு, பிடி, விடு என்ற இரண்டு சொற்களைத் தவிர அங்கே எதுவும் பேசப்படவில்லை. ஸிபானின் கண்ணுக்கு ப்ரேக் ஒயில் தெறித்ததென்று பஸ்னா மாமி பிறகு எல்லோரிடமும் சொன்னாள். ஒயில் இருந்த இடத்துக்கும் அவர் கண்ணுக்கும் இடையில் ஒரு முழு ஜீப் இருந்தது.

கற்களை எடுத்ததும், யாரும் தள்ளாமலே ஜீப் நகர்ந்தது. எஞ்சின் போடவில்லை. ரிப்கா ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஸிபான் பக்கத்தில் நடந்தார். வளைவில் ஒரு தரம் மிதித்தாள், நின்றது. காலை எடுத்தாள், போனது. ஒழுங்கை பிரதான வீதியில் சேரும் இடத்தில், பஸ் தரிப்புக்கு ஒரு சாண் முன்னால், சத்தமில்லாமல் நிறுத்தினாள். அப்போதுதான் பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது.

மேலே முற்றத்தில், கண்டியிலிருந்து தாமதமாக வந்த உறவுக்காரர் ஒருவர், “டிஸ்க் போடப் போய்த்தானாம் ஆள் மவுத்தாம்” என்று தொடங்கினார்.

“யாரு சொன்ன?” என்றார் மேலே ஏறி வந்த ஸிபான். “அல்லாஹ் குடுத்த நேரம் அவ்வளவுதான். ப்ரேக்கு நல்ல ப்ரேக்கு.”

யார் சொன்னது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

சந்தூக்கு ஆறடிப் பாதையில், எடுக்கிற மாதிரி, நாலு தோளில் இறங்கியது. ரிப்கா ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கலிமா ஓதும் குரல்கள் பின்னாலிருந்து வந்து, ஜன்னலோரமாகக் கடந்து, அடக்கத்துக்கு மையவாடிப் பக்கம் போயின. கை இரண்டும் ஸ்டீரிங்கிலேயே இருந்தன. கால் பெடலில் இருந்தது.

மஸீனா இத்தா முடிந்து எழுந்த அடுத்த மாதமே, ஸிபான் கடையை விற்றுவிட்டு மாமியார் வீட்டுப் பக்கம் மடவளைக்குக் குடிபோனார். கடன் என்றார்கள், மனைவியின் பிடிவாதம் என்றார்கள்; அவரே சொன்ன காரணம் முதுகுவலி. பஸ்னா மாமியின் மகள் கட்டாருக்குப் போனாள். சாதிக்காய் மரம் அந்த வருடம் நன்றாகக் காய்த்தது. கிரீஸ் கையோடு பார்த்த பெண்ணை மெக்கானிக்தான் கேட்டு வருவான் என்று ஒழுங்கை முடிவுகட்டி வைத்திருக்க, ரிப்காவைக் கேட்டு வந்தவர் புத்தளத்து வாத்தியார் ஹுதைபா. கண்ணாடி மாற்ற வந்த இடத்துப் பழக்கமாம். உம்மாவையும் ஜீப்பையும் கூட்டிக்கொண்டு அவள் அங்கேயே போய்விட்டாள்.

போன நோன்புக்கு பஸ்னா மாமி புத்தளம் போய் வந்தாள். உப்பளப் பக்கம் பாதை நூல் பிடித்த மாதிரி இருக்கிறதாம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, குறுக்கே ஒரு ஆடுகூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ரிப்கா திடீரென்று ப்ரேக்கை மிதித்து ஜீப்பை நிறுத்தினாளாம். ஏன் புள்ள என்று கேட்டதற்கு, வாப்பா பூட்டின ப்ரேக் பிடிக்கிறதா என்று பார்த்தேன் என்றாளாம். புருஷன்காரர் அது வழக்கம்தான் என்பதுபோலப் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். வெயிலில் உப்புக் குவியல்கள் வெள்ளையாகக் கிடந்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மறுபடியும் போனார்களாம்.